தன்னையே மன்னிக்க முடியாத ஒருத்தனப் பத்தி நாவல் எழுதுறது எப்படி

குற்றவுணர்ச்சிய மையமா வச்சு ஒரு நாவல் எழுதணும்னு ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் முதல்லயே மாட்டிக்கிற இடம், தப்பு எவ்ளோ பெருசா இருக்கணும்ங்கிற கேள்வி. கொலை வச்சிடலாமா, துரோகம் போதுமா, ஆக்சிடென்ட்னு வச்சுக்கலாமான்னு இதுலயே வாரக்கணக்குல போயிடும். என்னைக் கேட்டா தப்போட அளவப் பத்தி கவலையே வேண்டாம்னு தான் சொல்லுவேன். எந்தத் தப்புக்கு நடுவுலயும் "இப்பக்கூட நிறுத்திடலாம்"னு அந்த ஆளுக்கே தெரிஞ்ச ஒரு நிமிஷம் இருக்கும், அந்த நிமிஷத்துல அவன் தெரிஞ்சே சும்மா இருந்திருப்பான். வாழ்நாள் முழுக்க அவன் மனசு திரும்பத் திரும்பப் போய் நிக்கப்போறது அந்த நிமிஷத்துல தான். அது கிடைச்சிடுச்சுன்னா நாவல் கிடைச்சிடுச்சு, அது இல்லாம எத்தனை கொலை வச்சாலும் வெறும் சம்பவமா தான் நிக்கும்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம், கடைசி வரைக்கும் இதையே வச்சுப் பேசலாம். அண்ணனுக்கு பன்னெண்டு வயசு, தம்பிக்கு ஏழு. கண்ணாமூச்சி ஆடுறாங்க. தம்பி வீட்டுக்குப் பின்னாடி பழைய சாமான் போட்டு வைக்கிற ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிறான். அண்ணன் கண்டுபிடிச்சிட்டான், ஆனா சொல்லல, சத்தம் வராம வெளித் தாழ்ப்பாளப் போட்டுட்டு வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறான், கொஞ்ச நேரம் பயமுறுத்திட்டு தொறந்துவிடலாம்னு. அந்த நேரம் பாத்து தெருவுல பெரிய பசங்க கிரிக்கெட்டுக்கு ஒரு ஆள் கொறையுதுன்னு இவனக் கூப்புடுறாங்க, அதுவரைக்கும் இவன ஆட்டத்துக்கே சேர்த்துக்காத பசங்க, கூப்பிட்ட உடனே ஓடிடுறான். இருட்டுனப்புறம் தான் வீட்ல தேட ஆரம்பிக்கிறாங்க. தம்பிக்கு ஒண்ணும் ஆகல, உயிரோட தான் இருக்கான், சட்டை ஈரமா இருக்கு, அவ்ளோதான். யாருடா தாழ்ப்பா போட்டதுன்னு அப்பா கேட்டா, யாரும் இல்லப்பா, கதவு தானா மாட்டிக்கிச்சுன்னு தம்பி சொல்றான்.

இதுல அண்ணன் "மறந்துட்டான்"னு எழுதுனீங்கன்னா கதை அங்கேயே முடிஞ்சிடும். பன்னெண்டு வயசுப் பையன் மறக்கிறது ஒரு தப்பே இல்ல, எந்த வாசகரும் உடனே மன்னிச்சிடுவாங்க, அவனும் ஒரு நாள் தன்ன மன்னிச்சிடுவான். அதனால இப்படி வைங்க. ஆட்டத்துக்கு நடுவுல, ஃபீல்டிங்ல நிக்கும்போது, தம்பி ஞாபகம் அவனுக்கு வந்துச்சு. நல்லா தெளிவாவே வந்துச்சு. அடுத்து பேட்டிங் அவன் முறை. இப்ப விட்டுட்டுப் போனா இனிமே கூப்பிட மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரம் தானேன்னு நின்னுட்டான். இது அவனத் தவிர உலகத்துல யாருக்கும் தெரியாது, யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது, நீங்க எழுதப்போற முந்நூறு பக்கமும் இந்த ஒரு விஷயத்த சுத்தி தான்.

உங்க கதையில அந்த நிமிஷம் எதுன்னு தெரியலன்னா கேரக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. நடந்தது எல்லாத்தையும் ஒருத்தர்கிட்ட சொல்லிட்ட, ஆனா எந்த ஒரு விவரத்த மட்டும் விட்டுட்டு சொல்லுவ? அவன் எத விடுவானோ அது தான்.

பாதிக்கப்பட்டவங்க செத்துப்போகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. சொல்லப்போனா சாகாம இருக்கிறது தான் இன்னும் கஷ்டம். ஜோசப் கான்ராட் 1900ல புத்தகமா வெளியிட்ட லார்ட் ஜிம் நாவல்ல எண்ணூறு யாத்ரீகர்களோட போற ஒரு கப்பல் மூழ்கப்போகுதுன்னு நினைச்சு அதிகாரிங்க எல்லாம் படகுல தப்பிச்சிடுறாங்க, ஜிம்மும் குதிச்சிடுறான். கப்பல் மூழ்கவே இல்ல. பத்திரமா ஏடனுக்கு இழுத்துட்டு வந்துடுறாங்க. இதுக்குப் பின்னாடி ஒரு உண்மைச் சம்பவமும் இருக்கு, 1880ல ஜெட்டாங்கிற கப்பல கிட்டத்தட்ட ஆயிரம் யாத்ரீகர்களோட அதிகாரிங்க நடுக்கடல்ல விட்டுட்டு ஓடுனாங்க, அந்தக் கப்பலும் தப்பிச்சு ஏடன் வந்து சேர்ந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, எல்லாரும் செத்திருந்தா என்னால என்ன பண்ணியிருக்க முடியும்னு சொல்லிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகாதப்போ அவன் செஞ்சது மட்டும் தான் தனியா மிஞ்சி நிக்குது, சாக்கு சொல்ல எதுவும் இல்ல. நம்ம தம்பி உயிரோட, நல்லா, பக்கத்துலயே வளரணும். தினமும் அண்ணன் கண்ணுல படணும். கல்யாணத்துல முன்னால நின்னு எல்லா வேலையும் பாக்கணும்.

அதே மாதிரி பாதிக்கப்பட்டவங்க நல்லவங்களா இருக்கிறதும் முக்கியம், ஆனா தியாகி மாதிரி இல்ல, சாதாரணமா. தம்பி பொய் சொல்லி அண்ணனக் காப்பாத்துறான் பாருங்க, அங்க தான் கதவு நிஜமா பூட்டிக்குது. அடி வாங்கியிருந்தா கணக்கு தீர்ந்திருக்கும். இந்த எடத்துல நட்சுமே சோசெகியோட கோகோரோ நாவல்ல ஒரு பகுதி இருக்கு, இந்த விஷயத்துல அத விட நுணுக்கமா எழுதினத நான் படிச்சதில்ல. 1914ல ஜப்பான்ல அசாஹி பத்திரிகையில தொடரா வந்தது. அதுல வர்ற ஒருத்தன், தன் நண்பன் ஒரு பொண்ண நேசிக்கிறான்னு தெரிஞ்சும், அவனுக்குத் தெரியாம அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட போய் தனக்கு கல்யாணத்துக்கு கேட்டுடுறான். நண்பன் தற்கொலை பண்ணிக்கிறான். மேஜையில இவன் பேருக்கு ஒரு கடிதம் இருக்கு. இவன் முதல்ல என்ன பண்றான்னா, அழல, யாரையும் கூப்புடல, தன்னப் பத்தி ஏதாவது எழுதியிருக்கானான்னு தான் அவசர அவசரமா கண்ண ஓட்டிப் பாக்குறான். ஒரு வரி கூட இல்ல. அப்பாடா தப்பிச்சோம்னு நினைக்கிறான். அப்புறம் அந்தக் கடிதத்த எல்லார் கண்ணுலயும் படட்டும்னு எடுத்த எடத்துலயே வச்சிடுறான்.

அந்த "அப்பாடா" தான் அவன மிச்ச வாழ்க்கை முழுக்க சாப்பிடுது. உங்க நாவல்லயும் ஒரு அப்பாடா வேணும். நம்ம கதையில தம்பி கதவு தானா மாட்டிக்கிச்சுன்னு சொன்ன அடுத்த நொடி அண்ணன் வயித்துல ஒரு இறுக்கம் விடுபடுது, அதையும் அவன் கவனிச்சிடுறான். அத எழுதுங்க, ஆனா இது எவ்ளோ கேவலம்னு விளக்காதீங்க. இறுக்கம் விட்டுச்சுன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுங்க, வாசகர் பாத்துக்குவாங்க.

இந்த மாதிரி கதைக்கு நம்மகிட்ட பழைய முன்மாதிரி ஒண்ணு இருக்கு, சிலப்பதிகாரத்துல பாண்டியன். சிலம்பு உடைஞ்சு மாணிக்கம் தெறிச்ச உடனே "யானோ அரசன் யானே கள்வன்"னு சொல்லி, கெடுக என் ஆயுள்னு அங்கேயே விழுந்து உயிர விடுறான். காப்பியத்துக்கு அது தான் சரி, ராஜா, நீதி, ஒரே அடியில தீர்ந்துபோகுது. நாவலுக்கு அந்த வசதி கிடையாது. நாவலோட ஆள் தப்பு தெரிஞ்சப்புறமும் மறுநாள் காலையில எந்திரிச்சு பல்லு வெளக்கி வேலைக்குப் போகணும், பில் கட்டணும், புள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடுக்கணும், நாப்பது வருஷம். அந்த நாப்பது வருஷத்த எப்படி எழுதுறதுங்கிறது தான் நிஜமான கஷ்டம், புதுசா எழுதுறவங்க பல பேர் வழுக்குறதும் அங்க தான், அதனால அத கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல கைக்கு வர்றது நேரடி அடையாளம். தாழ்ப்பாள் சத்தம் கேட்டா வியர்க்குது, மூடுன ரூமுக்குள்ள இருக்க முடியல, ராத்திரி கெட்ட கனவு வருது. தயவு செஞ்சு இதெல்லாம் வேண்டாம். பூட்டப்பட்டது தம்பி, அண்ணன் இல்ல, மூடுன ரூமுக்கு அண்ணன் ஏன் பயப்படணும்? அண்ணனோட காயம் வேற எடத்துல இருக்கு, ஒருத்தர் நமக்காக காத்துக்கிட்டு இருக்காங்கங்கிற நினைப்புல. அதனால அவன் பெரியவனா ஆனப்புறம் யாரையும் ஒரு நிமிஷம் கூட காக்க வைக்க மாட்டான். மீட்டிங்குக்கு அரை மணி நேரம் முன்னாடி போய் வெளிய நிப்பான். பொண்டாட்டி பத்து நிமிஷம் லேட்டா வாயேன், நான் இன்னும் கெளம்பலன்னு சொன்னாக்கூட அவனுக்கு ஆகாது. எல்லாரும் இவன பங்க்சுவல்னு பாராட்டுவாங்க, அந்தப் பாராட்டு ஒவ்வொண்ணும் அவனுக்கு ஊசி. இங்க பாருங்க, குணம்னு மத்தவங்க நினைக்கிறது ஒண்ணு, அதுக்கு அடியில இருக்கிறது வேற ஒண்ணு. இப்படி ஒண்ணு கிடைச்சா பத்து கெட்ட கனவுக்கு சமம்.

அடுத்தது பணம், உதவி. தம்பிக்கு ஃபீஸ் கட்டுறான், வண்டி வாங்கிக் குடுக்குறான், கேக்காமலே குடுக்குறான். ஆனா தம்பி திருப்பி ஏதாவது குடுத்தா வாங்க மாட்டான். சும்மா ஒரு சட்டை எடுத்துட்டு வந்தாக்கூட முகம் மாறிடும். குடுத்துக்கிட்டே இருக்கிறவனுக்கு வாங்கத் தெரியாதது ஏன்னு தம்பி பொண்டாட்டி ஒரு நாள் கேக்கட்டும், யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் கண்டிப்பா வேணும். நாம யாருக்குத் தப்பு பண்ணோமோ அவங்க மேல நமக்கு கோவம் வரும். இது அசிங்கமான உண்மை, ஆனா உண்மை. தம்பி மெதுவா பேசுறது, எதுக்கெடுத்தாலும் சரிண்ணான்னு தலையாட்டுறது, இதெல்லாம் பாத்தா அண்ணனுக்கு எரிச்சல் பத்திக்கிட்டு வரும், ஒரு நாள் எல்லார் முன்னாடியும் நீயெல்லாம் எப்படா தைரியமா பேசப்போறன்னு கத்திடுவான். தம்பி ஏன் அப்படி ஆனான்ங்கிறதுல தன் பங்கு இருக்கோன்னு பயம் இருக்கிறதால தான் அந்தக் கத்தல். அண்ணன அன்பே உருவா, வருத்தமே உருவா எழுதிட்டீங்கன்னா வாசகருக்கு அவன் மேல நம்பிக்கை வராது. அவன் நியாயமில்லாம நடந்துக்குற சீன் ரெண்டு மூணாவது இருக்கணும்.

இப்ப தன்வெறுப்பு. 1971ல ஹெலன் பிளாக் லூயிஸ்ங்கிற உளவியலாளர் குற்றவுணர்ச்சியையும் அவமானத்தையும் பிரிச்சுக் காட்டி எழுதுனாங்க. சுருக்கமா சொன்னா குற்றவுணர்ச்சி செஞ்ச காரியத்த பாக்குது, அவமானம் செஞ்ச ஆளையே பாக்குது. நான் தப்பு பண்ணிட்டேன்ங்கிறவன் எதையாவது சரி பண்ணப் போவான், நானே தப்பானவன்ங்கிறவன் ஒளிஞ்சுக்கப் போவான். எழுதுறவங்களுக்கு இது ரொம்ப உபயோகம், ஏன்னா உங்க கேரக்டர் நாவல்ல எந்த எடத்துல முதல் வகையில இருந்து ரெண்டாவதுக்கு சாயுறான்னு நீங்க முடிவு பண்ணிக்கலாம். அந்தச் சாய்வுக்கு ஒரு சம்பவம் வைங்க. உதாரணமா அண்ணன் இருபது வயசுல உண்மைய சொல்லிடலாம்னு தம்பி ரூம் வாசல் வரைக்கும் போறான், உள்ள இருந்து தம்பி போன்ல யார்கிட்டயோ எங்க அண்ணன் மாதிரி யாருக்குமே கிடைக்காதுடான்னு சொல்லிக்கிட்டு இருக்கான். திரும்பி வந்துடுறான். அன்னைக்கு சொல்லியிருந்தா அது ஒரு சின்னப்பையன் செஞ்ச தப்பு. சொல்லாம திரும்புனது பெரியவன் செஞ்ச தப்பு. அதுக்கப்புறம் அவனால காரியத்த மட்டும் வெறுக்க முடியாது.

ஆனா தன்வெறுப்ப எழுதும்போது பக்கம் பக்கமா நான் புழு, நான் அழுக்குன்னு ஓட்டுனா வாசகர் புத்தகத்த மூடிடுவாங்க, அது சரியும் கூட. தன்னத் திட்டிக்கிறது ஒரு வகையில தன்னையே எல்லார் முன்னாடியும் நிறுத்திக்கிறது தான். காம்யூ 1956ல எழுதுன வீழ்ச்சி நாவல் முழுக்க இந்த விஷயம் தான், ஆம்ஸ்டர்டாம் பார் ஒண்ணுல பாரிஸ்ல வக்கீலா இருந்த ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கான். ஒரு ராத்திரி பாலத்துல இருந்து ஒரு பொண்ணு ஆத்துல விழுந்த சத்தம், கத்துன சத்தம் எல்லாம் கேட்டும் அவன் அசையாம நின்னுட்டு, அப்புறம் யார்கிட்டயும் சொல்லாம போயிட்டான். அவன் தன்னையே குத்தம் சொல்லிக்கிறது கேக்குறவங்கள குத்தவாளியாக்குறதுக்கு ஒரு வழின்னு போகப் போக தெரியும், அவனே ஒத்துக்குவான். உங்க ஆளும் தன்னத் திட்டிக்கும்போது அதுல அவனுக்கு என்ன லாபம்னு நீங்க தெரிஞ்சு வச்சிருக்கணும். சிலருக்கு அது தண்டனைய தானே குடுத்துக்கிட்டு வேற யாரும் குடுக்க விடாம பண்றதுக்கு, சிலருக்கு ஆறுதல் வாங்குறதுக்கு. லாபம் தெரிஞ்சா அந்தப் பகுதி தானா சுருங்கிடும்.

நடைமுறையில நான் சொல்ற வழி, அவன் தன்னப் பத்தி புலம்ப ஆரம்பிச்ச மூணாவது வரியில யாராவது குறுக்க வந்துடணும். காலிங் பெல் அடிக்கட்டும், புள்ள வந்து கணக்கு கேக்கட்டும், ஆபீஸ்ல இருந்து போன் வரட்டும். அப்புறம் அவனுக்கு ஏதாவது ஒரு வேலையில நல்ல கைத்திறமை குடுங்க. தச்சு வேலையோ, அக்கவுண்ட்ஸோ, பாடம் நடத்துறதோ, அத அவன் ரசிச்சு செய்யுற ரெண்டு பக்கம் இருந்தா அவன் இருபத்தி நாலு மணி நேரமும் வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கல, மறந்தும் போறான்னு தெரியும். மறந்து போயிட்டு திடீர்னு ஞாபகம் வர்றப்போ தான் வலிக்கும், எப்பவும் ஞாபகம் இருந்தா மரத்துடும்.

யார் குரல்ல சொல்றதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். குற்றமும் தண்டனையும் முதல்ல கொலைகாரனே சொல்ற வாக்குமூலமா தான் தஸ்தயேவ்ஸ்கி எழுதிக்கிட்டு இருந்தார். 1865 கடைசியில அதுவரைக்கும் எழுதுனத எரிச்சுட்டு புதுசா படர்க்கையில ஆரம்பிச்சார், 1866ல அது ரஷ்யன் மெசெஞ்சர்ங்கிற பத்திரிகையில தொடரா வந்துச்சு. தன்னிலையில, அதாவது "நான்"னு அவனே சொல்ற மாதிரி எழுதுறதுல, ஒரு சிக்கல் இருக்கு. சொல்றவன் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு, வரிசைப்படுத்தி, அழகா சொல்லிடுவான். குழம்பிக் கெடக்குற ஒருத்தன் அவ்ளோ தெளிவா பேசுவானான்னு வாசகருக்கு ஒரு உறுத்தல் வரும். படர்க்கையில, ஆனா அவன விட்டு நகராம பக்கத்துலயே நின்னு எழுதுனா, அவனுக்கே புரியாதத நாம காட்ட முடியும். இந்த நாவல்ல இன்னொண்ணையும் கவனிங்க, ஆறு பாகமும் ஒரு பின்னுரையும் இருக்கு, கொலை முதல் பாகத்துலயே முடிஞ்சிடுது. மிச்சம் அஞ்சு பாகமும் அதுக்கப்புறம் நடக்குறது தான்.

தன்னிலை தான் வேணும்னா அவன் இத யார்கிட்ட சொல்றான், ஏன் இப்ப சொல்றான்னு முடிவு பண்ணிட்டு தான் முதல் வரி எழுதணும். தம்பிக்கு எழுதுற கடிதமா, தன் பையனுக்கா, டாக்டர்கிட்டயா, கேக்குற ஆள் மாறுனா எத மறைப்பான்ங்கிறதும் மாறும். கோகோரோவுல மூணாவது பாகம் முழுக்க ஒரே கடிதம், வயசுல சின்னவன் ஒருத்தனுக்கு எழுதுனது, புத்தகத்துல பாதி கிட்ட வரும். பொண்டாட்டிக்கு மட்டும் கடைசி வரைக்கும் தெரியக்கூடாதுங்கிறான். அந்த ஒரு நிபந்தனையே அவன் யாருன்னு சொல்லிடுது.

ஞாபகத்த எழுதும்போது ஒரு நுணுக்கம் இருக்கு. சில ஞாபகங்கள நாம நம்ம கண்ணு வழியா பாக்குறோம், சிலத வெளிய இருந்து நம்மளையே பாக்குற மாதிரி பாக்குறோம், இத நைக்ரோ, நைசர்ங்கிற ரெண்டு உளவியலாளர்கள் 1983ல ஆராய்ச்சியா எழுதியிருக்காங்க. அண்ணன் தாழ்ப்பாள் போட்டத நினைக்கும்போது கொஞ்சம் தூரத்துல ஒரு பன்னெண்டு வயசுப் பையன் டவுசரோட குனிஞ்சு நிக்கிறது தெரியட்டும், அவன் முகம் தெரிய வேண்டாம். கடைசிப் பகுதியில மட்டும் அதே சீன அவன் கண்ணு வழியா எழுதுங்க, விரல்ல துருப்பிடிச்ச இரும்பு, கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி சிரிப்ப அடக்குற மூச்சு சத்தம். ஒரே சம்பவம் தான், ஆனா படிக்கிறவங்களுக்கு அடிவயித்துல இறங்கும்.

வாக்கியத்துலயும் இதே வேலைய பண்ணலாம். தமிழ்ல செஞ்சது யாருன்னு சொல்லாமலே பேசிட முடியும், கதவு சாத்தியிருந்துச்சு, தாழ்ப்பா விழுந்துடுச்சு, லேட் ஆயிடுச்சு. முதல் பாதி முழுக்க அவன இப்படியே பேச விடுங்க. கான்ராட் நாவல்ல ஜிம் குதிச்சதப் பத்தி சொல்லும்போது அவன் குதிக்கிற கணத்த நாம பாக்கவே மாட்டோம், திடீர்னு படகுல இருப்பான், குதிச்சுட்டேன் போலிருக்குன்னு யாரோ செஞ்ச மாதிரி சொல்லுவான். உங்க ஆள் "நான் தான் போட்டேன்"னு சொல்ற வாக்கியம் நாவல்ல ஒரே ஒரு தடவ வந்தா போதும், எந்தப் பக்கத்துல வருதுங்கிறத யோசிச்சு வைங்க.

கபடமில்லாத குழந்தைப் பருவத்த எழுதுற எடத்துல நிறைய பேர் தேன் தடவிடுறாங்க. பட்டாம்பூச்சி, மழை, கள்ளமில்லா சிரிப்புன்னு. பசங்க அப்படி இல்லன்னு எல்லாருக்கும் தெரியும், எறும்ப நசுக்குவாங்க, நொண்டி நடக்குறவங்கள மாதிரியே நடந்து காட்டுவாங்க. குழந்தைத்தனம்னு நான் நினைக்கிறது வேற, தப்பு பண்ணா பெரியவங்களுக்கு எப்படியாவது தெரிஞ்சிடும், அடி விழும், அதோட சரியாயிடும்ங்கிற நம்பிக்கை. அண்ணனுக்கு அது உடையுறது தாழ்ப்பாள் போட்டப்போ இல்ல, ஆட்டத்துல நின்னப்போ கூட இல்ல. அன்னைக்கு ராத்திரி அப்பா சரி விடுன்னு லைட்ட அணைச்சுட்டுப் போனப்போ. எல்லாரும் தூங்கிட்டாங்க. யாரும் கேக்கல. இனிமே யாரும் கேக்கப் போறதும் இல்ல. பன்னெண்டு வயசுல இது தெரிஞ்சுபோனவன் அதுக்கப்புறம் சின்னப்பையன் இல்ல. இந்த ராத்திரிக்கு நாலஞ்சு பக்கம் தாராளமா குடுங்க, ஃபேன் சத்தம், பக்கத்துல தம்பி தூங்குறானா நடிக்கிறானான்னு தெரியாம படுத்திருக்கிறது, இதெல்லாம் அவசரமில்லாம வரணும்.

தம்பியோடது எப்ப உடைஞ்சுதுங்கிறத அண்ணன் பல வருஷம் கழிச்சு தான் தெரிஞ்சுக்கணும். ரெண்டு பேருக்கும் நாப்பது தாண்டிடுச்சு. அண்ணன் ஒரு வழியா சொல்லிடுறான், ஆனா பாதி தான் சொல்றான், தாழ்ப்பா போட்டது வரைக்கும்.

"அது நீன்னு எனக்குத் தெரியும்ணா."

"எப்படிடா?"

"உன் சிரிப்பு கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டா கத்தல? கத்தியிருந்தா யாராவது தொறந்திருப்பாங்கல்ல?"

"நீ வருவன்னு தான். கத்துனா நீ மாட்டிக்குவல்ல."

இதுக்கப்புறம் அண்ணன் மிச்சப் பாதிய, ஞாபகம் வந்தும் வரலைங்கிறத, சொல்லுவானா மாட்டானா? உங்க நாவலோட முடிவு இங்க தான் இருக்கு, கட்டிப்பிடிச்சு அழறதுல இல்ல. எனக்கு ரெண்டும் சரி. சொன்னா தம்பி நாப்பது வருஷமா வச்சிருந்த ஒண்ண உடைக்கிறான், தன் பாரத்த எறக்கி வைக்கிறதுக்காக. சொல்லலன்னா பழைய பொய்ய திரும்ப ஒரு தடவ செய்யுறான். எது எழுதுனாலும் இந்த ரெண்டு விலையும் படிக்கிறவங்களுக்குத் தெரியணும். அவன சாகடிச்சு முடிக்கிறது, கேன்சர் குடுக்கிறது, ஆக்சிடென்ட்ல தம்பியக் காப்பாத்திட்டு செத்துப்போறது, இந்த மாதிரி கணக்க நேர் பண்ற முடிவு எதுவும் வேண்டாம், அது எழுதுறவங்க தப்பிச்சு ஓடுற வழி.

வாசகருக்கு எப்ப என்ன தெரியணும்னு ஒரு வார்த்தை. தப்ப கடைசி வரைக்கும் மறைச்சு வச்சு ட்விஸ்ட் மாதிரி உடைக்காதீங்க. முதல் இருபது பக்கத்துலயே தாழ்ப்பாள சொல்லிடுங்க, அந்த நிமிஷத்த மட்டும் வச்சுக்குங்க. ரகசியம் எல்லாம் தெரிஞ்சிடுச்சுன்னு நினைச்சுப் படிக்கிறவங்களுக்கு கீழ இன்னொரு தளம் இருக்குன்னு தெரியறது தான் இந்த வகை நாவல்ல கிடைக்கிற பெரிய அனுபவம்.

எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு தனித்தனி பேப்பர் எடுத்துக்குங்க. நிஜமா என்ன நடந்துச்சுன்னு ஒண்ணுல, மத்தவங்ககிட்ட அவன் என்ன சொல்றான்னு ஒண்ணுல, தனக்குத் தானே என்ன சொல்லிக்கிறான்னு ஒண்ணுல. ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். மூணாவது தான் கஷ்டமா இருக்கும், அதுல நேரம் செலவு பண்ணுங்க. நாவல் நகர நகர ரெண்டாவது பேப்பரும் மூணாவதும் மாறிக்கிட்டே முதல் பேப்பர் பக்கத்துல வரணும், எந்த சாப்டர்ல எவ்ளோ பக்கத்துல வந்துச்சுன்னு ஓரத்துல குறிச்சு வச்சா நடுவுல தொங்கிப் போகாது.

உங்க சொந்த வாழ்க்கையில இருந்து எடுக்குறீங்கன்னா அந்தப் பக்கம் நிஜமான ஒரு ஆள் இருப்பாங்க, புத்தகம் அவங்க கைக்குப் போகும். பேர மாத்துனா மட்டும் பத்தாது. உறவ மாத்துங்க, இடத்த மாத்துங்க, செஞ்ச காரியத்தையே மாத்துங்க. அந்த நிமிஷத்துல உங்களுக்கு இருந்த மனசு மட்டும் அப்படியே இருக்கட்டும், அது உங்களோடது, வேற யாருக்கும் அதுல பங்கில்ல.

முதல் டிராஃப்ட் முடிஞ்சதும் குற்றவுணர்ச்சி, மனசாட்சி, உறுத்தல், பாவம் இந்த வார்த்தைங்க எங்கெல்லாம் வருதுன்னு தேடிப் பாத்து எல்லாத்தையும் எடுத்துடுங்க. எடுத்தப்புறம் அந்த வாக்கியம் நிக்குதான்னு பாருங்க, நின்னா அந்த வார்த்தை தேவையே இல்ல, நிக்கலன்னா அங்க ஒரு காரியமோ ஒரு பொருளோ ஒரு சத்தமோ கொறையுதுன்னு அர்த்தம், அத எழுதிச் சேருங்க. மத்தவங்க பேச்சுல வந்தா மட்டும் விட்டுடலாம், பேசுறவங்க அப்படித் தான் பேசுவாங்க. அப்புறம் ஒருத்தர படிக்கச் சொல்லிட்டு பிடிச்சுதான்னு கேக்காதீங்க, எந்த எடத்துல இவன் மேல கோவம் வந்துச்சு, எந்த எடத்துல நானும் இப்படித் தான் நின்னிருப்பேன்னு தோணுச்சுன்னு கேளுங்க. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா அந்த நிமிஷம் சரியா விழுந்திருக்கு. ரொம்ப தள்ளித் தள்ளி இருந்தா வேற எதையும் தொட வேண்டாம், ஃபீல்டிங்ல நிக்கிற அந்த ஒரு பக்கத்த மட்டும் முதல்ல இருந்து எழுதுங்க.